உளமாய நோயும் நாம் இழக்கும் மாதங்களும்

எமது நாட்டில் ஒரு அரசியல்வாதி இன்னொரு அரசியல்வாதியை ஏளனம் செய்ய விரும்பினால் 'இவரை அங்கொடைக்கு அனுப்ப வேண்டும்' என்று கூறுவது நீண்டகாலப் பழக்கம். பாராளுமன்றத்திலும் தேர்தல் மேடைகளிலும் இந்த வசனத்தை நான் எத்தனை தடவைகள் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. கொழும்புக்கு அருகே, 1920களில் கட்டப்பட்ட மனநோய் வைத்தியசாலை அமைந்திருக்கும் ஊரின் பெயர்தான் அங்கொடை. அந்த வைத்தியசாலை 2008 ஆம் ஆண்டில் தேசிய மனநல நிறுவகம் என்று பெயர் மாற்றப்பட்டது. வசை மாத்திரம் மாறவில்லை. யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலோ 'விசர்' என்ற சொல் கோபத்துக்கும் கேலிக்கும் சில வேளைகளில் செல்லத்துக்கும் கூடப் பயன்படுகிறது. பத்திரிகைகளும் விதிவிலக்கல்ல. எதிர்த்தரப்பின் கொள்கையைச் சாடும் தலைப்புகளில் 'பைத்தியக்காரத்தனம்' என்ற சொல் எவ்வித தயக்கமுமின்றி இடம்பெறுகிறது.

சொற்களைப் பற்றி இவ்வளவு கூறுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்கு உண்மையாகவே அந்த நோய் வருகின்றபோது அந்த வீட்டாரின் கைவசம் இருக்கின்ற சொற்கள் இவை மாத்திரமே. வைத்தியரிடம் அழைத்துச் சென்றால் ஊர் இந்தச் சொற்களில் ஒன்றைப் பிள்ளையின் பெயருடன் ஒட்டிவிடும் என்ற அச்சத்தில் அவர்கள் காத்திருக்கிறார்கள். வாரங்கள் மாதங்களாகின்றன, மாதங்கள் சில வீடுகளில் வருடங்களாகின்றன. அவ்வாறு கழிந்துபோகும் காலத்துக்கு நோயாளி கொடுக்கின்ற விலை என்ன என்பதே இக்கட்டுரையின் விடயம்.

வைத்தியர்கள் சைக்கோசிஸ் என்று குறிப்பிடும் நிலையை தமிழில் உளமாய நோய் என்றும் உளப்பிறழ்வு என்றும் கூறுகிறார்கள். யதார்த்தத்துடனான தொடர்பு அறுந்துபோவதே அதன் அடிப்படை இயல்பு. அருகில் எவரும் இல்லாதபோது குரல்கள் கேட்கும். அந்தக் குரல்கள் திட்டும், கட்டளையிடும், நோயாளி செய்வதையெல்லாம் வர்ணனை செய்யும். தன்னை எவரோ பின்தொடர்கிறார்கள், உணவில் நஞ்சு கலக்கிறார்கள், தனது எண்ணங்களை மற்றவர்கள் வாசிக்கிறார்கள் என்பன போன்ற நம்பிக்கைகள் வேரூன்றும். எவ்வளவு ஆதாரங்களை எடுத்துக்காட்டினாலும் அந்த நம்பிக்கை அசையாது. பேச்சு கோர்வையிழக்கும். சிலரில் இவை எதுவும் வெளியே தெரியாமல், குளிப்பதும் உண்பதும் பேசுவதும் படிப்படியாகக் குறைந்து, மனிதர் தனக்குள்ளேயே ஒடுங்கிப்போவார்.

இது ஒரே நோய் அல்ல, பல நோய்களில் தோன்றக்கூடிய ஒரு நிலை என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். அவற்றில் பலரும் அறிந்தது மனச்சிதைவு நோய் எனப்படும் ஸ்கிசோபிரீனியா. உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு அது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இருதுருவ நோயின் உச்சக்கட்டத்திலும் கடுமையான மனச்சோர்விலும் உளமாய நிலை ஏற்படலாம். பிரசவத்துக்குப் பின்னரான முதல் சில வாரங்களில் ஒரு தாய்க்கு அது திடீரென்று வரலாம். அது அவசர சிகிச்சை வேண்டிய நிலை. கஞ்சா, ஐஸ் போன்ற போதைப்பொருட்கள் காரணமாகலாம். முதியவர்களில் மறதி நோயும், எந்த வயதிலும் மூளையைப் பாதிக்கின்ற தொற்றும் இதே தோற்றத்தைக் காட்டலாம். எனவே, உறவினர்களோ அயலவர்களோ காரணத்தை ஊகித்துக்கொள்வது பாரதூரமான தவறாக முடியலாம். இரத்தப் பரிசோதனையும் உடற்பரிசோதனையும் செய்து பார்க்கக்கூடிய வைத்தியர் ஒருவரே அதைக் கூறமுடியும்.

இரண்டு தவறான அபிப்பிராயங்களையும் இங்கேயே நீக்கிவிடுவது நல்லது. ஸ்கிசோபிரீனியா என்பது திரைப்படங்கள் காட்டுவதைப் போன்று ஒருவருக்குள் இரண்டு மனிதர்கள் குடியிருக்கின்ற நோய் அல்ல. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த வைத்தியர் ஒய்கன் புளொய்லர் 1908 ஆம் ஆண்டில் அந்தப் பெயரை முன்வைத்தபோது, சிந்தனை, உணர்வு, செயல் ஆகியவற்றுக்கிடையிலான இணைப்பு குலைவதையே கருதினார். அடுத்தது, தாயின் வளர்ப்பே காரணம் என்ற குற்றச்சாட்டு. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேற்கத்தைய உளவைத்தியர்களே இதைச் சொன்னார்கள். பின்னர் அந்தக் கருத்து கைவிடப்பட்டது. பரம்பரைக் கூறுகள், கருவிலும் பிரசவத்தின்போதும் ஏற்படும் பாதிப்புகள், சிறுவயதில் அனுபவித்த துன்பங்கள், போதைப்பொருள், தனிமை என்று பல காரணிகள் கூடியே நோய் உருவாகிறது. பெற்றோர் தலைகுனிய வேண்டிய விவகாரம் அல்ல இது.

நோய் பொதுவாகப் பதின்ம வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளிலும் தொடங்குகிறது. எமது குடும்பங்களைப் பொறுத்தவரை அது உயர்தரப் பரீட்சையின் காலம், பல்கலைக்கழகத்தின் காலம், வெளிநாட்டுப் பயணத்தின் காலம். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை புத்தகத்தைத் தொடுவதில்லை. இரவில் விழித்திருந்து பகலில் உறங்குகிறது. நண்பர்கள் வந்தால் அறைக்கதவைத் திறப்பதில்லை. வீட்டார் இதற்கு பரீட்சைப் பயம், காதல் தோல்வி, சோம்பல், கண்ணூறு, செய்வினை என்று ஒவ்வொன்றாகக் காரணம் கண்டுபிடிக்கிறார்கள். இறுதியில் எவராவது ஒரு மூத்த உறவினர் 'ஒரு கலியாணத்தைக் கட்டிவைத்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்று தீர்ப்பு வழங்குகிறார். உண்மையை மறைத்து நடத்தப்படும் அந்தத் திருமணம் நோயாளியின் பளுவை இருமடங்காக்குவதுடன், எதுவுமறியாமல் வீட்டுக்கு வருகின்ற இன்னொரு பிள்ளையின் வாழ்க்கையையும் சேர்த்து இழுத்துவிடுகிறது.

எமது மண்ணில் இதற்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. நோயாளியின் மாயநம்பிக்கைகள் அவர் வாழும் காலத்தின் ஆடையையே அணிந்துகொள்கின்றன. யுத்த காலத்தில் ஒரு இளைஞன் 'என்னை யாரோ பின்தொடர்கிறார்கள், என்னைப் பிடித்துக்கொண்டு போகப்போகிறார்கள்' என்று சொன்னபோது அதை நோயென்று எவர் கருதமுடிந்தது? சுற்றிவளைப்புகளும் கைதுகளும் ஆட்கடத்தல்களும் நாளாந்த நிகழ்வுகளாக இருந்த நாட்களில் அந்த அச்சம் முற்றிலும் நியாயமானதாகவே தோன்றியது. பிள்ளையை எப்படியாவது நாட்டைவிட்டு அனுப்பிவிட வேண்டுமென்று காணியை விற்ற பெற்றோரும் உண்டு. எங்கே போனாலும் அந்த அச்சமும் கூடவே போயிற்று என்பதைக் கண்ட பிறகே அவர்களில் சிலருக்கு உண்மை புலப்பட்டது. யுத்தம் மனங்களின்மீது ஏற்படுத்திய காயங்களை யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்த உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998 ஆம் ஆண்டில் வெளியான தனது ஆங்கில நூலில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். பேரதிர்ச்சியின் விளைவுகளும் உளமாய நோயும் ஒன்றல்ல. ஆனால், ஒன்றின் நிழலில் மற்றது கவனிக்கப்படாமல் போவது எளிது.

பத்திரிகைக் காரியாலயங்களுக்கு இந்த நோயுடன் ஒரு நேரடித் தொடர்பு உண்டு என்பது வெளியில் பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு ஆசிரியபீடத்துக்கும் இத்தகைய கடிதங்கள் வந்துகொண்டேயிருக்கும். எண்பதுகளின் பிற்பகுதியில் நான் பணியாற்றிய இடத்துக்கு ஒரு பாடசாலை ஆசிரியர் கிரமமாக எழுதிவந்தார். வயது முப்பதுக்குள் இருக்கும். முத்துப்போன்ற கையெழுத்து. முதல் பக்கத்தில் கல்வித்துறை பற்றிய நல்ல கருத்துகள் இருக்கும். இரண்டாவது பக்கத்திலிருந்து, எமது ஆசிரிய தலையங்கங்களின் பந்திகளிலுள்ள முதலெழுத்துகளைச் சேர்த்து வாசித்தால் தனக்கு விடுக்கப்படும் எச்சரிக்கை தெரிகிறது என்று விளக்கத் தொடங்குவார். காரியாலயத்தில் அக்கடிதங்கள் கைமாறிச் சிரிப்பையே வரவழைத்தன. மூத்த செய்தி ஆசிரியர் ஒருவர் மாத்திரம் சிரிக்கவில்லை. கடிதத்திலிருந்த முகவரியை அந்தப் பகுதி நிருபரிடம் கொடுத்து, போய்ப் பார்த்துவரச் சொன்னார்.

நிருபர் போனபோது அந்த ஆசிரியர் பாடசாலைக்குச் சென்று பதினொரு மாதங்களாகியிருந்தன. தாயார் அதை அயலவர்களிடமிருந்து மறைத்துவைத்திருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் தம்பியின் வேலையும் தங்கையின் திருமணமும் பாதிக்கப்படும் என்பதே அவருடைய கவலை. நிருபர் பல நாட்கள் பேசி, அந்தக் குடும்பத்துடன் தானும் அரசாங்க வைத்தியசாலைக்குச் சென்றார். சுமார் இரண்டு வருடங்களுக்குப் பின்னர் அதே கையெழுத்தில் ஒரு கடிதம் வந்தது. ஒரேயொரு பக்கம். தனது ஊர்ப் பாடசாலை வழியாகப் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு பஸ் இல்லாததால் மாணவர்கள் படும் கஷ்டத்தைப் பற்றியது. வாசகர் கடிதங்கள் பகுதியில் அதைப் பிரசுரித்தோம். ஒரு சொல்லைக்கூடத் திருத்த வேண்டியிருக்கவில்லை.

ஒரு நல்ல மனிதரின் அக்கறையினால் ஒருவருக்குக் கிடைத்த உதவியை ஒரு பிரதேசம் முழுவதற்கும் ஒழுங்குமுறையாகக் கிடைக்கச் செய்தால் என்ன நடக்கும்? இந்தக் கேள்விக்கு நோர்வேயில் விடை தேடினார்கள். ஸ்டவாங்கர் நகரை மையமாகக்கொண்ட ரோகலண்ட் பகுதியில் 1997 ஆம் ஆண்டில் ஒரு திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. உளமாய நோயின் ஆரம்ப அறிகுறிகள் எவை, எங்கே தொடர்புகொள்வது என்பவற்றைப் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரங்களாக வெளியிட்டார்கள். வானொலியிலும் திரையரங்குகளிலும் அறிவித்தார்கள். பாடசாலை ஆசிரியர்களுக்கும் குடும்ப வைத்தியர்களுக்கும் விளக்கமளித்தார்கள். எவரும் நேரடியாகத் தொலைபேசியில் அழைக்கக்கூடிய ஒரு குழுவை நியமித்து, அழைத்தவர்களைத் தாமதமின்றிச் சென்று பார்த்தார்கள்.

அதற்கு முன்னர் அப்பகுதியில் நோய் தொடங்குவதற்கும் சிகிச்சை தொடங்குவதற்கும் இடைப்பட்ட காலத்தின் இடைநிலை அளவு 26 வாரங்களாக இருந்தது. திட்டத்தின்போது அது 5 வாரங்களாகக் குறைந்தது. பிரசாரத்தை நிறுத்தியதும் மீண்டும் 15 வாரங்களாக உயர்ந்தது. பத்து வருடங்களுக்குப் பிறகு ஆராய்ந்தபோது, அந்தத் திட்டம் இருந்த பகுதியின் நோயாளிகளில் 31 சதவீதமானோர் குணமடைந்து வாழ்ந்தனர். திட்டம் இல்லாத ஒப்பீட்டுப் பகுதிகளில் அது 15 சதவீதமாகவே இருந்தது. இரு தரப்பாருக்கும் நவீன மருந்துகள் கிடைத்திருந்தன. முன்கூட்டியே கண்டறியப்பட்டதே முக்கிய வேறுபாடு. வாழ்நாள் முழுவதும் பத்திரிகையில் எழுதிய எனக்கு இந்தக் கணக்கு ஆழ்ந்த சிந்தனையைத் தருகிறது. விளம்பரம் நின்றவுடன் தாமதம் கூடியது என்றால், சமூகத்துக்குக் கிடைக்கும் தகவலும் சிகிச்சையின் ஒரு பகுதி என்றே கொள்ளவேண்டும்.

சரி, சிகிச்சை என்பது என்ன? மருந்தே அதன் அச்சாணி. இதில் தெற்காசியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய வைத்தியர்கள், ஆயுர்வேதத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவந்த சர்ப்பகந்தா மூலிகை சித்தப்பிரமையைத் தணிக்கிறது என்று 1931 ஆம் ஆண்டிலேயே எழுதினார்கள். 1952 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரின் வைத்தியசாலை ஒன்றில் டிலே, டெனிக்கர் என்ற இருவரும் குளோர்ப்ரோமசின் மருந்தைப் பயன்படுத்தியதுடன் நவீன சிகிச்சை யுகம் ஆரம்பமானது. மூளையில் டோபமின் என்ற இரசாயனத் தூதுவரின் செயற்பாட்டைக் கட்டுப்படுத்துவதன் மூலம் இம்மருந்துகள் குரல்களையும் மாயநம்பிக்கைகளையும் தணிக்கின்றன. அதற்கு முன்னர் வாழ்நாள் முழுவதும் பூட்டிவைக்கப்பட்டிருந்த பலர் அதன் பிறகு வீடு திரும்பினார்கள்.

மருந்துகளைப் பற்றிப் பேசும்போது அவற்றின் தொல்லைகளை மறைப்பது நேர்மையல்ல. பழைய மருந்துகள் உடலை விறைக்கச் செய்யும், கைகளை நடுங்கவைக்கும், ஓரிடத்தில் இருக்கவிடாத அமைதியின்மையைத் தரும். புதிய மருந்துகள் சிலவற்றினால் உடல் எடை கூடும், நீரிழிவு வரலாம். இந்தத் தொல்லைகளைத் தாங்கமுடியாமல் மருந்தை நிறுத்துவோர் பலர். 'இப்போது சுகமாகிவிட்டதே, இனி ஏன்?' என்று நிறுத்துவோரும் பலர். அந்த முடிவைச் சில வேளைகளில் வீட்டாரும் எடுக்கிறார்கள். அமெரிக்காவில் முதன்முறையாக நோய்வாய்ப்பட்டுக் குணமானவர்களைப் பின்தொடர்ந்து 1999 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பவரும் ஆபத்து சுமார் ஐந்து மடங்கு அதிகம் என்று கண்டது. ஒவ்வொரு தடவை நோய் திரும்பும்போதும் படிப்பிலோ தொழிலிலோ உறவிலோ ஏதாவதொன்று கைநழுவிப் போகிறது. எனவே, தொல்லை இருந்தால் வைத்தியரிடம் சொல்லி அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ கேட்கவேண்டும். அது நோயாளியின் உரிமை. தினமும் மாத்திரை விழுங்க இயலாதவர்களுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை ஏற்றும் ஊசிமருந்தும் இருக்கிறது.

இரண்டு வகை மருந்துகளை உரிய அளவில் கொடுத்தும் பயனில்லாதவர்களுக்கு குளோசப்பின் என்ற மருந்து உண்டு. 1975 ஆம் ஆண்டில் பின்லாந்தில் அதைப் பயன்படுத்திய சிலர் வெள்ளை இரத்த அணுக்கள் குறைந்து உயிரிழந்ததால் அது பல நாடுகளில் ஒதுக்கப்பட்டது. 1988 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று வேறு எந்த மருந்துக்கும் இணங்காதவர்களில் 30 சதவீதமானோர் இதனால் முன்னேறியதைக் காட்டியதும், இரத்தப் பரிசோதனை என்ற நிபந்தனையுடன் அது மீண்டும் புழக்கத்துக்கு வந்தது. 2024 ஆம் ஆண்டில் அமெரிக்காவில், டோபமினை நேரடியாகத் தடுக்காமல் வேறு வழியில் செயற்படும் புதிய வகை மருந்தொன்றுக்கும் அனுமதி வழங்கப்பட்டது. திரைப்படங்களினால் அச்சமூட்டப்பட்ட மின்னதிர்வு சிகிச்சையும், இன்று மயக்கமருந்து கொடுத்தே செய்யப்படவேண்டிய முறையாக, உணவும் நீரும் மறுத்து உறைந்துபோயிருக்கும் நோயாளிகளுக்கும் கடும் மனச்சோர்வில் இருப்பவர்களுக்கும் உயிர்காக்கும் உதவியாக இருக்கிறது.

மருந்து தணித்துவைத்த இடத்திலிருந்து ஒரு மனிதரை வாழ்க்கைக்குத் திருப்பிக்கொண்டு வருவது குடும்பமும் தொழிலும் பேச்சுமே. லண்டனில் ஜோர்ஜ் பிரவுணும் அவரது சகாக்களும் 1950களிலிருந்து செய்த ஆய்வுகள் ஒரு முக்கியமான உண்மையை வெளிப்படுத்தின. ஓயாமல் குறைகூறும், அல்லது மூச்சுமுட்டும் அளவுக்குப் பொத்திவைக்கும் வீடுகளுக்குத் திரும்பிய நோயாளிகளுக்கு நோய் மீண்டும் வருவது அதிகமாக இருந்தது. குடும்பத்தவர்களுக்கு நோயைப் பற்றிக் கற்பித்து, பேசும் முறையை மாற்றப் பழக்கினால் அது குறைகிறது. 'எழும்பு, குளி, இப்படியே படுத்துக்கிடந்தால் யார் சோறு போடுவது?' என்று நாளுக்குப் பத்துத் தடவைகள் கேட்கும் பாசமுள்ள தந்தைக்கு, அந்தச் சோர்வும் நோயின் பாகமே என்று எவராவது விளக்கியாக வேண்டும். குரல் கேட்கிறது என்று சொல்லும் பிள்ளையுடன் வாதாடி வெல்ல முயல்வதால் பயனில்லை, ஏளனமும் கூடாது. 'உனக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லை. ஆனால் நீ பயப்படுகிறாய் என்பது எனக்கு விளங்குகிறது' என்று சொல்வதே போதும்.

கோவிலுக்கும் தர்காவுக்கும் தேவாலயத்துக்கும் போவதைப் பற்றி ஏளனமாக எழுதுவது என் நோக்கமல்ல. தமிழ்நாட்டில் கோவில் ஒன்றில் தங்கியிருந்த உளநோயாளிகளை உளமருத்துவர்கள் ஆராய்ந்து 2002 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, அங்கு அவர்களின் நிலையில் முன்னேற்றம் ஏற்பட்டதாகக் கூறியது. அங்கே குடும்பத்தவர் ஒருவர் கூடவே இருந்தார், அமைதியான சூழலும் ஆதரவும் இருந்தன. அதற்கு முந்திய வருடம், 2001 ஆகஸ்ட் 6 ஆம் திகதி, அதே தமிழ்நாட்டின் ஏர்வாடியில் தர்காவை அண்டித் தனியார் நடத்திய கொட்டகை காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது 28 நோயாளிகள் மடிந்தார்கள். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓடமுடியவில்லை. சங்கிலியால் பிணைப்பதை இந்தியாவின் 2017 ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நம்பிக்கை கெடுதல் செய்யவில்லை என்பது தெரியும். வைத்தியத்தைத் தடுத்ததும், மனிதரைக் கட்டிவைத்ததுமே கெடுதல் செய்தன. அர்ச்சனை செய்யுங்கள், நூல் கட்டுங்கள். அன்றைய தினமே கிளினிக்குக்கும் போய்வாருங்கள்.

உளமாய நோயாளிகள் என்றாலே வன்முறையாளர்கள் என்ற எண்ணம் பரவுவதற்கு ஊடகங்களும் காரணம். 'மனநோயாளி வெறியாட்டம்' என்று தலைப்புப் போடும் செய்தியாசிரியர், வன்செயலில் ஈடுபடாத பெரும்பான்மையான நோயாளிகளைப் பற்றி எழுதுவதில்லை. உண்மையில் அவர்கள் பிறரின் வன்முறைக்கு இலக்காவதே அதிகம். அவர்கள் எதிர்நோக்கும் பெரிய ஆபத்து வேறு. ஸ்கிசோபிரீனியாவினால் பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவர் தற்கொலையால் இறக்கிறார். இருதய நோய், நீரிழிவு போன்றவற்றைக் கவனிப்பாரில்லாததால் அவர்கள் அகால மரணமடையும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதே நிறுவனம், குறைந்தது மூவரில் ஒருவர் முழுமையாகக் குணமடைகிறார் என்றும் சொல்கிறது. இந்த இரண்டாவது தகவலைத் தலைப்பாக்கிய பத்திரிகை ஒன்றை நான் கண்டதில்லை.

இலங்கையில் அரசாங்கத்தின் பங்கு பற்றியும் கூறியாகவேண்டும். பிரித்தானியர் 1873 ஆம் ஆண்டில் கொண்டுவந்த பைத்தியம் தொடர்பான கட்டளைச்சட்டம் 1956 ஆம் ஆண்டில் உளநோய்கள் கட்டளைச்சட்டமாகத் திருத்தப்பட்டது. அதன் பின்னர் அரை நூற்றாண்டுக்கும் மேலாக, சிகிச்சையைவிடத் தடுத்துவைத்தலையே மையமாகக்கொண்ட அந்தச் சட்டத்துடன்தான் நாடு காலங்கழித்தது. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை உளநலத்தின்பால் கவனத்தைத் திருப்பியது. 2005 ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட தேசிய உளநலக் கொள்கை, கொழும்பைச் சுற்றியிருந்த பெரிய வைத்தியசாலைகளிலிருந்து சேவைகளை மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்ல வழிவகுத்தது. இன்று தெல்லிப்பழையில் இருப்பவரோ மட்டக்களப்பில் இருப்பவரோ அங்கொடைக்குப் போகவேண்டியதில்லை. அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். தேசிய மனநல நிறுவகத்தின் உதவிச் சேவையை 1926 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். குறையாக இருப்பது தொடர்ச்சி. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது ஏற்பட்ட மருந்துத் தட்டுப்பாடு, தினசரி மாத்திரையில் தங்கியிருப்பவர்களின் நிலை எவ்வளவு பலவீனமானது என்பதை உணர்த்தியது. மருந்து வாங்க மாதமொருமுறை பஸ் ஏறுவதற்கு வழியற்றவரின் வீட்டுக்குச் செல்லும் தாதியர் சேவையைப் பற்றி எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் எப்போது கேள்வி எழுப்பப்போகிறார்கள்?

புலம்பெயர்ந்த எமது மக்களுக்கும் இது அந்நியமான விடயமல்ல. அமெரிக்காவின் மினசோட்டாவில் குடியேறிய நோர்வேஜியர்களிடையே இந்நோய் கூடுதலாகக் காணப்பட்டதை ஓடெகோர் என்ற நோர்வே வைத்தியர் 1932 ஆம் ஆண்டிலேயே பதிவு செய்தார். குடியேறியவர்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் ஆபத்து அதிகம் என்பதைப் பின்னர் பல நாடுகளின் ஆய்வுகள் உறுதிசெய்திருக்கின்றன. புறக்கணிப்பும் தனிமையும் பாரபட்சமும் அதற்கான காரணங்களில் சில. ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஒஸ்லோவிலும் சிறந்த ஆரம்பநிலை சிகிச்சை நிலையங்கள் வாசலருகே இருந்தும், 'எங்கட ஆட்களுக்குத் தெரியக்கூடாது' என்ற காரணத்துக்காகத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக்கூட வேண்டாமென்று சொல்லும் பெற்றோர் இருக்கிறார்கள். பிள்ளையை 'ஊருக்கு அனுப்பினால் தெளிந்துவிடும்' என்று விமானம் ஏற்றிவிடுவதும் நடக்கிறது. தொடங்கிய சிகிச்சை அங்கேயே அறுந்துபோகிறது.

எமது சமூகத்திடம் ஒரு பலமும் இருந்தது என்பதையும் மறந்துவிடலாகாது. நான்சி வக்ஸ்லர் என்ற ஆய்வாளர் இலங்கையில் நோயாளிகளை ஐந்து வருடங்கள் பின்தொடர்ந்து 1979 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் மேற்கத்தைய நாடுகளின் நோயாளிகளைவிட நன்றாக மீண்டிருந்ததைக் கண்டார். நோய் வந்தது, போய்விடும் என்று குடும்பம் கருதியதும், மீண்டவரை வயல்வேலைக்கும் வீட்டுவேலைக்கும் மறுபடி சேர்த்துக்கொண்டதும் அதற்கு உதவின என்பது அவரது விளக்கம். இத்தகைய ஆய்வுகளின் முடிவுகள்மீது பின்னர் கேள்விகள் எழுப்பப்பட்டிருக்கின்றன. ஆயினும், மீண்டவருக்கு ஓர் இடத்தை ஒதுக்கிவைத்திருக்கும் குடும்பத்தின் பெறுமதியை எவரும் மறுக்கவில்லை. கூட்டுக்குடும்பம் சிதறி, வீட்டில் இருவர் மூவர் மாத்திரமே எஞ்சியிருக்கும் இக்காலத்தில் அந்த இடத்தை அயலும் தொழிலிடமும் சேர்ந்தே கொடுக்கவேண்டும்.

பெயரை மாற்றுவதும் பயன்தரும். ஜப்பானில் 2002 ஆம் ஆண்டில் 'மனம் பிளவுபட்ட நோய்' என்ற பொருள்படும் பழைய பெயரைக் கைவிட்டு, 'ஒருங்கிணைவு குன்றிய நிலை' என்ற பொருள்படும் பெயரைச் சூட்டினார்கள். நோயின் பெயரை உள்ளபடி நோயாளியிடம் சொல்லும் வைத்தியர்களின் விகிதம் சில வருடங்களில் மூன்றிலொன்றிலிருந்து மூன்றிலிரண்டாக உயர்ந்தது. பெயர் வாயில் வந்ததும் பேச்சு தொடங்கியது; பேச்சு தொடங்கியதும் சிகிச்சையைப் பற்றி நோயாளியுடன் கலந்துரையாட முடிந்தது.

எமது பத்திரிகைகள் இராசிபலனுக்கு ஒதுக்கும் இடத்தில் பாதியை, வாரத்துக்கு ஒருமுறை, இந்நோயின் ஆரம்ப அறிகுறிகளுக்கும் அருகிலுள்ள கிளினிக்கின் நாட்களுக்கும் நேரங்களுக்கும் ஒதுக்கலாம். கோவில்களின் அறிவித்தல் பலகையில் அந்தத் தொலைபேசி இலக்கத்தை எழுதிவைக்கலாம். ரோகலண்ட் மக்கள் பெற்றதைவிட இது சிறியது. எனினும், இதற்கு வெளிநாட்டு நிதி தேவையில்லை, புதிய சட்டமும் தேவையில்லை.

இதை வாசிப்பவர்களில் எவருடைய வீட்டிலாவது ஒரு பிள்ளை பல நாட்களாக உறங்காமல், எவருடனும் சேராமல், தனியே பேசிக்கொண்டோ காரணமின்றி அஞ்சிக்கொண்டோ இருந்தால், அதனுடன் வாதாடாதீர்கள். மறைத்தும் வைக்காதீர்கள். அருகிலுள்ள வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். அதற்கு நல்ல நாள் பார்க்கவேண்டாம்.